வேலியோரத்துச் செம்பு

அண்ணன் வேப்பமரத்தடியை விட்டுக் கிளம்பிவிட்டார். கையில் தூக்குப்போசி ஆடுகிறது. மோராகத்தான் இருக்கும், இந்த வெயிலுக்கு அண்ணன் வீட்டில் வேறெதுவும் வராது. சென்னியப்பன் வலது காலை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஊன்றிக்கொண்டான். அவசரத்தில் தள்ளி மூடிய மண் செருப்புக்குக் கீழே பொதுக்கென்று அமுங்கியது. அதற்கும் கீழே அது கிடக்கிறது, உள்ளங்கை அகலத்துக்கு, பச்சை பூத்து. மூடியாயிற்று, ஆனால் மூடின மண் மூடின மண் மாதிரியேதான் தெரிகிறது, சனியன். சுற்றிலும் கடலை பிடுங்கின காடு வெளுத்துக் காய்ந்து கிடக்க, இவன் காலடியில் மட்டும் அடிமண் ஈரத்தோடு செக்கச்செவேலென்று மேலே வந்திருக்கிறது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? புதுசாக எதையோ புதைத்துவிட்டு நிற்கிறான் என்றுதான் நினைப்பார்கள். புதைத்துவிட்டு. அந்தச் சொல் தானாகத்தான் வந்தது, வந்த பிறகு போகமாட்டேன் என்கிறது. எடுத்தவனுக்கும் புதைத்தவனுக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் குனிந்துதான் இருப்பார்கள், இரண்டு பேர் கையிலும் களைக்கொத்துதான் இருக்கும், ஆள் வந்தால் இரண்டு பேருமே மண்ணைத் தள்ளி மூடத்தான் செய்வார்கள். அதிலும் பங்காளி காட்டில், அதுவும் வேலியோரத்தில். அட ஆண்டவனே, இந்த மூலைக்கு எவன் வரச் சொன்னான் என்னை? யாரும் சொல்லவில்லை. போகாதே என்றுதான் சொன்னார்கள்.

ஒரு கூப்பிடு தூரம் இருக்கும். அண்ணன் வேகமாக நடக்கிற ஆளில்லை, உதிர்ந்து கிடக்கிற கடலைக்காயைக் கண்டால் குனிந்து பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டுதான் வருவார். ஆனால் இன்றைக்குப் பொறுக்கக் காணோம். நேராக வருகிறார். சும்மா நிற்காதே, மிசினையாவது ஆட்டு. தோடு தேட வந்தவன் எதற்குச் சோளக்காட்டுப் பொம்மை மாதிரி ஒரே இடத்தில் நிற்கிறான் என்று கேட்டால் என்ன சொல்வாய்? ஊன்றின காலை எடுக்காமல் மிசினை இடதுபக்கமாக ஆட்டினான். கழுத்தில் தொங்கிய ஹெட்போனில் கொய்ங் என்று மெல்லிசாக ஒரு முனகல், கிளுவை வேலியின் அடியிலிருந்து. அதுவும் செம்புதான். ஆணிக்கு ஒரு குரல், செம்புக்கு ஒரு குரல், இத்தனை காலமாகக் கேட்ட காதுக்குத் தெரியாதா? முதலிலேயே அது கூப்பிட்டது, இதைத் தோண்டிவிட்டு அப்புறம் அங்கே போகலாம் என்று விட்டுவைத்திருந்தான். இப்போது அதுவும் சேர்ந்து காட்டிக்கொடுக்கப் பார்க்கிறது. மிசினை வலதுபக்கம் திருப்பினான். பிவிசி குழாயும், அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டும், தட்டைச் சுற்றி அவனே சுற்றிய செம்புக் கம்பிக் காயிலும், இவ்வளவுதான் மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் கத்துகிற இந்த மிசின். நால்ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு இது பெரிய வித்தையா? விளையாட்டாகச் செய்தது. கடலை பிடுங்குகிற மாசத்தில் எந்தக் காட்டிலாவது எவளாவது ஒருத்தி மூக்குத்தியையோ தாலிக்குண்டையோ விட்டுவிடுவாள், உடனே கொய்ங் அண்ணனைக் கூட்டிவா என்று வண்டி வந்துவிடும். சென்னியப்பன் என்ற பேரே பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று. சந்தோஷமாகத்தான் இருந்தது அதுகூட. கிடைத்ததும் தொலைத்தவள் முகம் மலர்கிற மலர்ச்சி இருக்கிறதே, அதற்காக எத்தனை காடு வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் இந்தக் காட்டுக்கு மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை, நேற்று வரைக்கும்.

நேற்று இந்துமதி ஸ்கூட்டரைக் கடை வாசலில் நிறுத்தினாள். அண்ணன் மகள். தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை, இப்போது அடுத்த மாசம் கல்யாணம். எங்கம்மா தோடு ஒண்ணு கடலைக்காட்டுல விழுந்துருச்சு சித்தப்பா, அப்பாதான் உங்களக் கூப்பிடச் சொன்னாங்க என்றாள். அப்பாதான் என்கிறபோது ஒரு அழுத்தம். கையில் இருந்த மோட்டாரைப் பாதிக் காயிலோடு அப்படியே கீழே வைத்துவிட்டான். பாகம் பிரித்த பிறகு அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை, எதிரில் வந்தால் முகத்தை எங்கேயோ திருப்பிக்கொள்வார், கிணற்று மோட்டார் எரிந்துபோனால் தம்பி கடை வாசலைத் தாண்டி, வண்டி ஏற்றி, காங்கயத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவருவார். எரிந்த மோட்டார் தன் கடையைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று யாருக்குச் சொல்ல? வார்னிஷ் வாசனை கூட ஒருவாரம் கசக்கும். அப்படிப்பட்ட அண்ணன் வரச் சொல்லியிருக்கிறார். தோடு கிடைத்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் அழைப்பு வரும், அழைப்பு வந்தால் இந்து கல்யாணத்தில் சித்தப்பன் என்று சீருக்கு நிற்கலாம். பிள்ளை குட்டி இல்லாதவனுக்கு அது ஒன்றுதானே. பங்காளி நிற்காமல் என்ன சீர்? இதெல்லாம் இப்போது இந்த ஒரு செருப்புக்குக் கீழே கிடக்கிறது. காலைத் தூக்கினால் போயிற்று.

ஏன் போகவேண்டும், உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன? அண்ணா, இது ஏதோ பழங்காலத்துச் சாமான், உங்கள் காட்டில் கிடந்தது, இந்தாங்கள். அவ்வளவுதானே. அவ்வளவுதானா? அண்ணன் வீட்டுக் கறவை மாடுகள் ஒரே மழைக்காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தபோது, போட்ட போர்க்கிணறு புழுதியைக் கக்கினபோது, அண்ணன் சம்சாரம், நங்கை பாவாத்தாள், படுத்த படுக்கையானபோது, ஒரு குறிகாரன் வந்து என்ன சொன்னான்? காட்டுக்குள்ள செம்பு கெடக்குது, ரத்த சம்பந்தம் வெச்சது என்று சொன்னான். ரத்த சம்பந்தம் என்றால் யார், பக்கத்துக் காட்டுக்காரன்தான், வேலிக்கு அந்தப்புறம் பாகம் வாங்கின தம்பிதான். ஊரே டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பேசியது, இவன் போனால் மட்டும் மழையைப் பற்றிப் பேசியது. நானா? செய்வினைத் தகடு எழுதி அண்ணன் காட்டில் புதைப்பேனா? ஒருதடவை நேரில் போய்க் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை, ரோஷம். அந்த ரோஷம் இப்போது வட்டி போட்டுத் திரும்புகிறது. ஊர் எந்தச் செம்பைச் சொன்னதோ, அதே செம்பை அவனே வந்து, அவன் மிசினை வைத்தே, இத்தனை பெரிய காட்டில் நேராக வேலியோரத்துக்கே நடந்துபோய், குனிந்து எடுத்து நீட்டினால்? வெச்சவனுக்குத்தானே இடம் தெரியும் என்பார்கள். நங்கை மார்பில் அடித்துக்கொள்வாள். இந்து என்ன செய்வாள்? நம்பமாட்டாள். நம்பமாட்டாள் என்று எப்படிச் சொல்வது, கல்யாணப் பெண், நாலு பேர் சொன்னால் மனசு எந்தப் பக்கம் சாயுமோ. ரெண்டாயிரம் வருசத்துக் கண்ணாடி இது என்று எவ்வளவு கத்தினாலும் பச்சைச் செம்பு பச்சைச் செம்புதான்.

கண்ணாடிதான், சந்தேகமே இல்லை. முகம் பார்க்கிற கண்ணாடி. வட்டமாக, ஒரு ஓரத்தில் ஒடிந்த பிடியின் தண்டு, விளிம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வேலைப்பாடு, மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்த இடத்தில் கருப்பாக ஒரு மினுக்கம். டவுன் மியூசியத்தில் இதேபோல ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, போகும்போதெல்லாம் அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருப்பான். சம்சாரம் துளசிமணி செத்துப்போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியாமல் மிசினோடு உழுத காடெல்லாம் திரிகிறவன்தானே, இரும்புக் கசடு, தேய்ந்த காசு, மணி என்று கிடைத்ததெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன. ஆனால் இதுமாதிரி ஒன்று கிடைத்ததில்லை. எவளோ ஒருத்தி இதில் பொட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள், அவள் செத்ததும் கூடவே வைத்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் எங்கே தோண்டினாலும் இப்படி யாராவது இருப்பார்கள். மேக்கால வேலியோரத்தில் கருப்பும் சிவப்புமாகப் பழைய பானை ஓடு கிடக்கும், சின்ன வயசில் அண்ணனும் அவனும் அந்த ஓட்டை அடுக்கித்தான் விளையாடினார்கள். அதனால்தான் வந்தான் இங்கே. தோட்டுக்காக வரவில்லை.

தோடு. சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கக்கூடாது, தொட்டால் அண்ணன் கண் அங்கே போகும். தோடு வந்த சுருக்கிலேயே கிடைத்துவிட்டது, தெக்கால பாத்தியில், இரண்டாவது வீச்சிலேயே. எடுத்து ஊதிப் பையில் போட்டான். அப்போதே அண்ணா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் இந்நேரம் வேப்பமரத்தடியில் கட்டில்மேல் உட்கார்ந்து சித்தப்பன் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். கொடுக்கவில்லை. தோடு கிடைத்தது தெரிந்தால் காட்டை விட்டு வெளியே வரவேண்டுமே, இந்தக் காட்டுக்குள் மறுபடி எப்போது கால் வைப்பது, இன்னும் கொஞ்ச நேரம், ஒரே ஒரு சுற்று, அந்த ஓடு கிடக்கிற இடத்தில் மட்டும். ஆசை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்? இப்போது பையில் நங்கையின் தோடு, காலடியில் அண்ணன் காட்டுச் சாமான். திருடன்தான், எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் திருடன். இல்லை, திருடவில்லை, எடுத்துப்போய் வித்துவிடுவானா என்ன, வைத்துப் பார்ப்பான், அவ்வளவுதான். சர்க்காரிடம் சொல்லவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதுவும் தெரியும். சொன்னால் கம்பிவேலி போட்டுக் காட்டையே எடுத்துக்கொள்வார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு, அது நிசமோ பொய்யோ, அண்ணன் அதை நம்புகிறவர். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் காட்டுக்குச் சர்க்காரைக் கூட்டிவந்தான் தம்பி என்று அதற்கும் ஒரு பேர் வரும். சொன்னாலும் கெட்டான், சொல்லாவிட்டாலும் கெட்டான். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

பாதித் தூரம் வந்துவிட்டார். துண்டைத் தலையில் போட்டிருக்கிறார், முகம் தெரியவில்லை. நடை அப்பாவுடைய நடை. வெயில் உச்சியில் ஊசியாக இறங்குகிறது. கால் மரத்துப்போகிறது, மாற்றி ஊன்றலாமா, வேண்டாம், இடுக்கில் பச்சை தெரிந்துவிடும். துளசிமணி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அவளுக்குத்தான் தகட்டைப் பற்றியெல்லாம் தெரியும், எவன் எழுதுவான், எங்கே வைப்பார்கள் என்று அவள் அம்மா ஊர்க் கதை நூறு வைத்திருப்பாள். பாகம் பிரித்த அந்த வருசம் விடாமல் காய்ச்சல் அவளுக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனார்கள், ரத்தத்தில் ஏதோ குறைகிறது என்றார்கள், ஏற்றினார்கள், மறுபடி குறைந்தது. ஒருநாள் சாயங்காலம் பாயில் படுத்துக்கொண்டே, நம்ம மேல யாரோ என்னமோ வெச்சிருக்காங்க, வேலிப்பக்கம் போனா எனக்கு மேலெல்லாம் சிலுக்குது என்றாள். இவன் சிரித்தான். நிசமாகவே சிரித்தான், வாய்விட்டு. இத்தனை வருசமாச் செம்புக் கம்பியத் தொட்டுட்டு இருக்கறேன் புள்ள, செம்புல கரண்டுதான் போகும், சாபம் போகாது என்றான். அவள் சிரிக்கவில்லை. தகட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது, வெச்ச கையே எடுத்தாத்தான் போகும் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அதற்கும் ஏதோ கேலி பேசினான், என்ன கேலி என்று ஞாபகமில்லை. ஞாபகமில்லாமல் போனது நல்லதுதான். அவள் போன பிறகு ஆசையாக ஒரு வார்த்தை பேசியதெல்லாம் மங்கிவிட்டது, அந்தச் சிரிப்பு மட்டும் காதில் கிடக்கிறது. இப்போதும் அவன் நம்புவதில்லை. செம்பு செம்புதான். காய்ச்சல் காய்ச்சல்தான். ஆனால் அன்றைக்கு ஏன் சிரித்தான், நம்பாவிட்டால் சும்மா இருந்திருக்கலாமே, சாகப்போகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து சரி சாமி, பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் வாய் வெந்தா போயிருக்கும்?

அண்ணன் வந்துவிட்டார். போசியின் மூடியில் மோரை ஊற்றி நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. சென்னியப்பன் நின்ற இடத்திலிருந்தே கையை எட்டி நீட்டி வாங்கினான், ஒரு அடி முன்னால் வந்து வாங்கியிருக்கவேண்டும், மூத்தவர் கொடுப்பதை இப்படியா வாங்குவது, ஆனால் அந்த ஒரு அடி எங்கே வைப்பது? மோர் புளித்திருந்தது, பெருங்காயம் தூக்கலாக, நங்கை கைப்பக்குவம். எத்தனை காலம் ஆயிற்று இதைக் குடித்து. வெயில் ஜாஸ்தி என்றார் அண்ணன். ஆமாங்க என்றான். கிடைக்காவிட்டால் போகிறது, ஒரு தோடுதானே என்றார். பார்க்கலாங்க என்றான். இவ்வளவு காலத்துக்குப் பிறகு பேசுகிற பேச்சு இதுதானா? மூடியைத் திருப்பிக் கொடுத்தபோது மீதி மோர் அண்ணன் வேட்டியில் தெறித்தது, அவர் துடைக்கவில்லை. கண் தம்பியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டார். ஈர மண்ணைப் பார்த்துவிட்டார். முடிந்தது.

"உன்னத் தெக்கால பாக்கச் சொன்னனே, சென்னி," என்றார் அண்ணன். "இக்கட்ட எதுக்கு வந்த? அவ இந்தப் பக்கமே வர்ல."

அதட்டலாக இல்லை. அதுதான் ஆச்சரியம். அண்ணன் குரலில் அதட்டல் இல்லாமல் ஒரு வாக்கியம் வந்து அவன் கேட்டதில்லை. காலையில் வரும்போதும் இதையேதான் சொன்னார், தெக்கால பாரு, கெழக்கால பாரு, மேக்கால வேலியோரம் மட்டும் போவ வேண்டா என்று, அப்புறம் வேப்பமரத்தடிக்குப் போன பிறகும் அங்கிருந்து ஒருதரம் கத்திச் சொன்னார். அப்போது தோன்றவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை ஓடிவந்து சொன்ன கதையாக அல்லவா இருக்கிறது? எதற்கு அந்த மூலையை அத்தனைதரம் சொல்லவேண்டும்? என்னைச் சந்தேகப்பட்டா? நான் வைத்ததை நானே வந்து எடுத்துவிடுவேன் என்றா? அப்படியானால் கண்ணில் கோபம் இருக்கவேண்டும். கோபத்தைக் காணோம். அண்ணன் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நிற்கிறது, வெயிலில் நடந்த வேர்வை இல்லை அது, ஷாக் அடித்தவனுக்கு வருகிற வேர்வை, கடையில் எத்தனைபேர் பார்த்திருக்கிறான். பயப்படுகிறார். என் காலடியைப் பார்த்து அண்ணன் பயப்படுகிறார். ஏன்?

"கால எடு," என்றார் அண்ணன்.

எடுக்கத்தான் வேண்டும், எவ்வளவு நேரம்தான் ஒற்றைக் காலில் உலகத்தை மூடி வைப்பது. எடுத்தான். செருப்போடு கொஞ்சம் மண்ணும் எழும்பி, குழியின் விளிம்பு சரிந்து, பச்சை வட்டத்தில் பிறை அளவு வெளியே தெரிந்தது. இப்போது கத்துவார். இப்போது ஊரைக் கூட்டுவார். அண்ணா நான் வெச்சதில்லீங்ணா என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. அண்ணன் கத்தவில்லை. போசி கையிலிருந்து நழுவி மண்ணில் உருண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், பிடுங்கிப் போட்ட கடலைச் செடி மாதிரி.

"துளசிமணிக்கு வெச்சதில்ல சாமி," என்றார். "எம்புள்ள மேல சத்தியமா, அவளுக்குன்னு வெச்சதில்ல."

என்ன சொல்கிறார்? முதலில் காதில் விழுந்தது, அர்த்தம் விழவில்லை, மோட்டாரில் ஸ்விட்சைப் போட்டதும் ஒரு கணம் சும்மா நிற்குமே, அப்படி நின்றது மனசு. பிறகு ஓடியது. அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார், தரையைப் பார்த்துக்கொண்டு, மாடு செத்ததையும் நங்கை படுத்ததையும் சொல்லி, குறிகாரன் எதிர்த்தகடு எழுதித் தந்ததையும், வேலியோரத்தில் தம்பி காட்டைப் பார்த்து வைக்கச் சொன்னதையும், தான் மட்டும் விடிகாலையில் வந்து வைத்ததையும் சொல்லி, காவலுக்கு என்றுதான் அவன் சொன்னான், ஆளுக்கு ஆகாது என்று சொல்லவேயில்லை, அப்புறம் துளசிமணிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் எடுத்துவிடத்தான் நினைத்தேன், கை வரவில்லை, எடுத்தால் என் வீட்டுக்குத் திரும்பிவிடும் என்று அவன் சொல்லியிருந்தான், அப்புறம் அவள் போய்விட்டாள், உன் மூஞ்சியில் எப்படி முழிப்பது என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது இதற்கா? கடையைத் தாண்டி மோட்டார் போனது இதற்கா? கோபம் என்றல்லவா நினைத்தான் இத்தனை காலமும்? அவள் செத்த அன்றைக்குக் கூட பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனாரே. அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்ததே இந்த வேலியோரத்தில். இல்லை, செம்பில் சாபம் போகாது, காய்ச்சல் காய்ச்சல்தான், ரத்தம் குறைந்தது, டாக்டர் சொன்னார், எழுதிக் கொடுத்தார். நம்பாதவன் எதற்குக் கோபப்படவேண்டும்? ஒரு துண்டுச் செம்பு, அதில் நாலு கட்டம், கட்டத்துக்குள் நாலு எழுத்து, அது எப்படிக் கொல்லும்? கொல்லாது. சரி. ஆனால் வைத்த கை? பக்கத்து வீட்டில் ஒருத்தி படுத்துக் கிடப்பது தெரிந்தும் எடுக்காமல் இருந்த கை? அவள் சொன்னது நிசம். யாரோ என்னமோ வைத்திருந்தார்கள். அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து நிசம், இவன் அதற்குச் சிரித்தான்.

அண்ணன் கும்பிட்டார். மூத்தவர் கும்பிடுகிறார், பார்க்கக்கூடாத காட்சி. இத எடுத்துட்டுப் போயி ஆத்துல போட்டுரு சென்னி, ஊருக்குத் தெரியவேண்டா, இந்துவுக்குத் தெரியவேண்டா, கல்யாணம் முடியட்டும், அப்புறம் நீ என்ன பண்ணச் சொன்னாலும் பண்றேன் என்றார். குழியைப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். இத எடுத்துட்டுப் போ. அட, சுலபமாக முடிந்துவிட்டதே. எந்தச் சாமானை எப்படிக் கடத்துவது என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றானோ, அதைக் காட்டுக்காரரே கையெடுத்துக் கும்பிட்டு எடுத்துப்போகச் சொல்கிறார். துண்டில் சுருட்டிக்கொண்டு நடக்கவேண்டியதுதான். அண்ணனுக்குப் பாரம் இறங்கும், இவனுக்குக் கண்ணாடி, இந்துவுக்குச் சித்தப்பன். யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை, பேசாமல் இருந்தாலே போதும். ஆனால் அண்ணன் வைத்த தகடு வேலியடியில் அங்கேயே கிடக்குமே. மிசினுக்கு மட்டும் கேட்கிற குரலில், இவன் காட்டைப் பார்த்துக்கொண்டு. ஆற்றில் போட்டாயிற்று என்று அண்ணன் நிம்மதியாகச் சாப்பிடுவார், பந்தலில் வந்தவர்களைக் கும்பிடுவார், இவன் பக்கத்தில் நின்று சந்தனம் கொடுப்பான், இரண்டு பேரும் ஆளுக்கொரு பொய்யோடு. துளசிமணி சுவரைப் பார்த்துப் படுத்தபடியே இருப்பாள்.

குனிந்து கண்ணாடியை எடுத்தான். துண்டால் மண்ணைத் துடைத்தான், அவசரமில்லாமல், மறைக்காமல். பையிலிருந்து தோட்டையும் எடுத்தான். இரண்டையும் அண்ணன் முன்னால் நீட்டினான்.

"இது நங்கையோட தோடுங்ணா, வந்த சுருக்குலயே கெடச்சுது, நாந்தான் சொல்லாம வெச்சிருந்தேன்," என்றான். "இது நீங்க வெச்சதில்லீங்க. எவளோ மொகம் பாத்த கண்ணாடி. நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்துன காலத்துது. கல்யாணம் முடியட்டும், ரெண்டு பேருமாப் போயி சர்க்கார்ல சொல்லிக் குடுத்துருலாம்."

அந்த 'ங்க' விடமாட்டேன் என்கிறது. உள்ளே இவ்வளவு கொதிக்கிறது, நாக்கு மட்டும் மரியாதையை விடவில்லை, அதற்காக அவன் மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது. அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார், தோட்டைப் பார்த்தார், பிறகு மெல்லத் தம்பி முகத்தைப் பார்த்தார், வந்ததிலிருந்து முதல் தடவையாக. புரிந்துவிட்டது அவருக்கு. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும் புரிந்துவிட்டது. அப்ப அது, என்று ஆரம்பித்து நிறுத்தினார்.  சென்னியப்பன் ஹெட்போன் ஒயரை மிசினிலிருந்து பிடுங்கினான், கேட்பதை இரண்டு பேரும் கேட்கட்டும். தட்டைத் தரையோடு தாழ்த்தி, கிளுவை வேலியின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினான். கொய்ங் என்று கத்தியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடி கத்தியது. வேலிக்கு அந்தப்புறம் அவன் காடு, வெயிலில் வெறுமனே கிடந்தது.

"இந்து கல்யாணத்துக்கு நான் வர்றேன், சீருக்கு நிக்கறேன்," என்றான். "ஆனா இத நான் எடுக்கமாட்டேன். வெச்ச கைதான் எடுக்கோணும்னு அவ சொன்னா."

களைக்கொத்தை நீட்டினான். அண்ணன் வெகுநேரம் அதைப் பார்த்தார். எடுத்தால் வீட்டுக்குத் திரும்பிவிடும் என்ற பயம் கண்ணில் வந்து வந்து போனது, கல்யாணப் பெண் இருக்கிற வீடு. நம்புகிறவர் அவர். இவனுக்கென்ன, நம்பாதவன், ஒரே கொத்தில் எடுத்து வீசிவிடலாம், அண்ணனுக்காக அதைச் செய்யலாம்தான். செய்யவில்லை. நீட்டின கையை மடக்கவும் இல்லை. கடைசியில் அண்ணன் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கொத்தை வாங்கி, வேலியடியில் மண்டி போட்டார்.

எத்தனை ஆழம் என்று கேட்டான். தோடு தேடுகிற காட்டிலெல்லாம் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். அண்ணன் நிமிரவில்லை.

"முழங்கை ஆழம்," என்றார்.